தகவல் எங்கே தங்க வேண்டும்? ஜவ்வாது மலையில் வைத்துப் பார்க்கும் ஒரு பழைய கேள்வி

ஒரு வீட்டார் பார்க்கும் படமும் கேட்கும் பாட்டும் எடுத்த புகைப்படமும் வாங்கி வைத்த சான்றிதழும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா, எங்கோ ஒரு சர்வரில் இருந்துகொண்டு வேண்டும்போது வந்துபோனால் போதுமா? வீட்டுக்குள் ஒரு வலையமைப்பை உண்டாக்கி, சிறு சர்வர் ஒன்றில் படங்களைச் சேர்த்து வைத்து, அதை டிவியிலும் கைபேசியிலும் ஓடவிட்டுப் பார்ப்பதும், அதே பெட்டியில் குடும்பத்தின் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதும் கால் நூற்றாண்டாக உலகெங்கும் வளர்ந்துவரும் பழக்கம். அதை ஆதரித்தும் மறுத்தும் சொல்லப்பட்ட விடைகள் ஏராளம். பெரும்பாலானவை வேகமான இணைப்பும் சீரான மின்சாரமும் உள்ள நகரத்து வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னவை. ஜவ்வாது மலையில் வைத்துப் பார்த்தால் அவற்றில் சில தேறுகின்றன, சில தேறுவதில்லை.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலைத்தொடரில் ஜமுனாமரத்தூரும் புதூர்நாடும் வெளியே பேர் தெரிந்த ஊர்கள். மற்றபடி சாமை விளையும் சரிவுகளுக்கு நடுவே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறியிருக்கின்றன. ஒரு முகட்டுக் கோபுரத்தின் அலை அடுத்த பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. ‘டவர் கிடைக்கல’ என்று சமவெளியில் எப்போதாவது சொல்வார்கள். மலையில் அது அன்றாடப் பேச்சு.

இந்தக் கேள்வியோடு மலையில் நெடுங்காலம் குடும்பம் நடத்திய நிறுவனம் ஒன்று உண்டு: காவலூர் வானியல் ஆய்வகம். வானியலாளர் வைணு பாப்பு 1960களின் பிற்பகுதியில் இந்த இடத்தைத் தேர்ந்தது, அது ஊர் வெளிச்சத்தைவிட்டு விலகியிருந்ததால்தான். 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986 ஜனவரி 6 அன்று அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. ஆனால் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில். தரவு பிறக்கும் இடம் ஒன்று, தேவைப்படும் இடம் இன்னொன்று. இதே நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில் அமைத்த தொலைநோக்கியை பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பு வழியே இயக்குகிறது. காவலூருக்கு இருக்கும் ஆளும் பணமும் ஒரு மலைக் குடும்பத்துக்கு இல்லை. கேள்வி மட்டும் இருவருக்கும் ஒன்றே.

விடைகளை வரிசைப்படுத்தும் முன் ஒன்றைச் சொல்லிவிடலாம். ஓடவிட்டுப் பார்ப்பதையும் நகலெடுத்துக் காப்பதையும் ஒரே பெட்டியின் இரண்டு வேலைகளாகவே வழிகாட்டிகள் பேசுகின்றன. உண்மையில் இவை எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. தடங்கலின்றிப் படம் பார்க்கத் தரவு பக்கத்தில் இருக்க வேண்டும். நகல் பிழைக்க அது தள்ளி இருக்க வேண்டும். மலையின் தூரம் முதல் வேலைக்கு இடைஞ்சல், இரண்டாவதற்கு உதவி. இந்த வேறுபாட்டைக் காணாமல் விட்டதால்தான் பல விடைகள் பாதியில் நின்றன என்று தோன்றுகிறது.

## ஒரு பெட்டி, ஊரெல்லாம் காது

மிகப் பழைய விடை பொதுப்பெட்டி. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வானொலி, கூரைமேல் ஒரு குழாய் ஒலிபெருக்கி. வாங்கும் கருவி ஒன்று, கேட்பவர் பலர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய ஊரகத் தகவல் மையங்கள் இதன் நவீன வடிவம். வில்லியனூரில் நடுவம், அங்கிருந்து கிராமங்களுக்கு வானலை வழியே தகவல், மின்சாரம் நம்ப முடியாததால் சூரியத் தகடு. வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்து, கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இணையம் வந்தது ஒரே இடத்துக்கு. கடைசித் தூரத்தைக் கடந்தது குரல்.

பொழுதுபோக்கில் இதே வேலையைச் செய்தவர் கேபிள்காரர். 1990களின் தொடக்கத்தில் அவர் வீட்டு வீடியோ பெட்டியில் போட்ட படம் தெருவெங்கும் ஓடியது. இன்று மீடியா சர்வர் என்று நாம் அழைப்பதன் முன்னோடி அதுதான். என்ன ஓடுகிறது என்பதை ஒருவரே முடிவு செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

பொதுப்பெட்டி மரபின் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை, பராமரிப்பில். சென்னை ஐஐடியில் உருவான கம்பியில்லா இணைப்பைக் கொண்டு 2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் தொடங்கிய ஊரக இணைய மையத் திட்டத்தைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், பல மையங்கள் மூடியதற்குச் சொன்ன காரணங்கள் வருமானம் நிலைக்காததும் பயிற்சி பெற்ற ஆள் இல்லாததும். கருவி இருந்தது, கவனிக்கும் ஆள் நிலைக்கவில்லை.

## குழாய் பெரிதானால் போதும் என்பவர்கள்

இரண்டாவது தரப்பு அரசும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் எடுப்பது. இணைப்பு வேகமாகிவிட்டால் வீட்டில் எதையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். 2011இல் ஒப்புதல் பெற்ற தேசியக் கண்ணாடியிழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் வந்தது. கைபேசி அலை எட்டாத 24,680 கிராமங்களில் 4ஜி கொண்டுவர 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2025இல் ஸ்டார்லிங்க் இந்தியாவில் உரிமம் பெற்றது.

இந்தத் தரப்பின் பலம் குறைத்து மதிப்பிடக்கூடியதல்ல. பழுதானால் கவனிப்பது வேறொருவர் பொறுப்பு; வீட்டில் எரியும் பெட்டி ஒன்று குறைவு; படிக்காத தாத்தாவும் ஒரு விரலால் படம் பார்க்கலாம். முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தாலே நெட்ஃபிளிக்ஸுக்குப் போதும். இணைப்பு நிலையாக உள்ள வீட்டில் தனி மீடியா சர்வர் ஆடம்பரமே என்று வாதிட்டால் மறுப்பது கடினம்.

இருந்தாலும் மூன்று இடங்களில் வாதம் தளர்கிறது. மின்கம்பம் வழியே காடு தாண்டி வரும் இழை மரம் விழுந்தால் அறும். பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவு, குறிப்பாகக் கைபேசி இணைப்பில்: 64 ஜிபி கல்யாண வீடியோவை 2 எம்பிபிஎஸ் வேகத்தில் மேலேற்ற இரவு பகலாகச் சுமார் 3 நாள் வேண்டும், வீட்டுக்குள் லேன் கம்பி வழியே அதே கோப்பு பத்து நிமிடத்தில் நகர்ந்துவிடும். கடைசியாக, விதிகள் மாறும். கூகுள் ஃபோட்டோஸ் எல்லையற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 அன்று நிறுத்தியது. இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் அதன் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. வெளியூர் வேலைக்குப் போன மகன் திறந்து கொடுத்த கணக்கு, அவன் கைபேசி மாற்றிய பிறகு யாரும் தொடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே தெரியும்.

குழாய்த் தரப்பே இன்னொன்றையும் செயலில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2012 முதல் தன் படங்கள் நிறைந்த பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்துவருகிறது. பார்ப்பவருக்குப் பக்கத்தில் படம் இருக்க வேண்டும் என்பதை மேகம் எனப்படும் இணையச் சேமிப்பில் வாழ்பவர்களும் மறுக்கவில்லை. பக்கம் என்பது எதுவரை என்பதில்தான் சண்டை: பெங்களூரா, திருப்பத்தூரா, ஜமுனாமரத்தூரா, வீட்டுப் பரணா.

## பரணில் ஒரு சர்வர்

வீட்டு சர்வர் தரப்பு ஆர்வலர்களால் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் எழுதத் தொடங்கிய சாம்பா, வெவ்வேறு கணினிகள் ஒரே கோப்புறையைப் பகிர வழி செய்தது. 2000களின் தொடக்கத்தில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய படம் ஓட்டும் மென்பொருளே பின்னர் ‘கோடி’ என்ற பெயரில் நிலைத்தது. அதன் கிளையாகப் பிளெக்ஸ் பிறந்தது. டிவியும் கணினியும் தாமாகவே ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் 2003இல் கூட்டாகத் தொடங்கிய டிஎல்என்ஏ அமைப்பு, வேலை முடிந்தது என்று சொல்லி 2017இல் கலைந்தது. முடிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்த வேலை, இன்றும் எத்தனையோ வீடுகளில் டிவி சர்வரைக் கண்டுகொள்ளாமல் விழிப்பதில்தான் நிற்கிறது.

எல்லா வீட்டுக்கும் ஒரு சர்வர் என்ற கனவை மைக்ரோசாஃப்ட் 2007இல் விண்டோஸ் ஹோம் சர்வராக விற்றுப் பார்த்தது. முதல் பதிப்பிலேயே கோப்புகளைச் சிதைக்கும் பிழை வெளிப்பட்டது. 2011 பதிப்போடு அந்தப் பொருளே முடிந்தது. சர்வர் வீட்டுச் சாமானாக மாறாமல் ஆர்வலரின் சாமானாகவே நின்றுவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2012இல் வந்த ராஸ்ப்பெரி பை விலையைக் குறைத்தது. 2018இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்த ஜெல்லிஃபின் கட்டணத்தை நீக்கியது. இரண்டும் ஆர்வலர் வட்டத்தை அகலப்படுத்தின.

மலைக்கு இந்தத் தேர்வுகளில் எது பொருந்தும்? வெளியிலுள்ள ஒரு கணக்கில் உள்நுழைந்தால்தான் முழுமையாக வேலை செய்யும் மென்பொருள், இணைப்பு அறுந்த நாளில் உள்ளூர்ப் படத்தையும் காட்ட மறுக்கக்கூடும். பிளெக்ஸில் இதற்கு மாற்றமைப்புகள் உண்டு என்றாலும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். ஜெல்லிஃபினுக்கு வெளிக்கணக்கே தேவையில்லை என்பதால் அது இங்கே ஒரு படி மேல். அதேபோல, ஓடும்போதே படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலைதான் சர்வரைத் திணறடிப்பது. கைபேசியும் டிவியும் நேரடியாக ஓட்டும் ஹெச்.264 வடிவில் கோப்பை முதலிலேயே வைத்துக்கொண்டால் மிகச் சிறிய கணினியும் நாலு பேருக்குப் படம் கொடுக்கும். சர்வருக்கும் ரவுட்டருக்கும் இடையே வைஃபை வேண்டாம், கம்பி போட வேண்டும். கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் உள்ள வீட்டில் ரவுட்டரின் இடம்தான் பாதி வேலை.

அடுத்தது மின்கட்டணம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பழைய டெஸ்க்டாப்பை சர்வராக்கி 60 வாட்டில் இரவு பகல் ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் போய்விடும். இலவசத்தில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் மிஞ்சுவது 14. 10 வாட் பிடிக்கும் சிறு கணினி எடுத்துக்கொள்வது 14 யூனிட் மட்டும். நகரத்துக் கட்டுரைகள் அடிக்குறிப்பில் தள்ளும் இந்தக் கணக்கு, மலை வீட்டில் எந்தக் கருவி என்பதையே தீர்மானிக்கிறது.

2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. அதற்குள்ளேயே பேட்டரி இருப்பதால் மின்தடையில் சட்டென்று அணையாது. திரையை மூடினால் டெஸ்க்டாப்பைவிட மிகக் குறைவாகவே மின்சாரம் பிடிக்கும். எப்போதும் சார்ஜரில் இருக்கும் பழைய பேட்டரி உப்பும் அபாயம் உண்டு, அதைக் கண்காணிக்க வேண்டும். அப்படியிருந்தும், நாஸ் எனப்படும் வலைச் சேமிப்புப் பெட்டியைப் புதிதாக வாங்கும் முன் இதை ஓட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

## கரண்ட் பேசுவதில்லை, முடிவு செய்கிறது

வலையமைப்பு பற்றிய விவாதங்கள் வேகத்தைப் பற்றியவை. களத்திலிருந்து வந்த சான்று வேறு இடத்தைக் காட்டுகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு நெடுந்தொலை வைஃபையால் இணைத்தது. சாதாரண வைஃபை கருவி, திசை பார்த்து நிறுத்திய ஆன்டெனா, தொலைவுக்கேற்ப மாற்றிய நெறிமுறை. மருத்துவர் தேனியில் இருந்தபடி கிராமத்து நோயாளியை வீடியோவில் பார்த்தார். 2008இல் அவர்கள் எழுதியவை இந்தத் துறையில் மிக நேர்மையானவை: வானலை பெரும்பாலும் தாக்குப்பிடித்தது, கருவிகளைக் கொன்றது தரமற்ற மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் பலகைகள் கருகின. அரைகுறை மின்னழுத்தத்தில் கருவி பாதி எழுந்து தொங்கியது. நினைவட்டையில் பாதி எழுதிய தரவு சிதைந்தது. மின்தடையைவிட, வந்தும் வராமலும் இருக்கும் மின்சாரம்தான் கொடியது என்பது அவர்கள் அனுபவத்தின் சாரம்.

வீட்டுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியவை சில. ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, கோப்பு அட்டவணையே கெடலாம். எனவே யுபிஎஸ் என்பது படம் நிற்காமல் ஓடுவதற்கான வசதி அல்ல, நகலின் உயிருக்கான காவல். நல்ல வேளையாக இங்கே தேவைப்படும் மின்சாரம் சொற்பம். ரவுட்டர், இழை முனைக்கருவி, சிறு கணினி, ஒரு டிஸ்க் எல்லாம் சேர்ந்து 25 வாட்டைச் சுற்றித்தான். இவற்றில் பல 12 வோல்ட்டில் இயங்குபவை; கடையில் கிடைக்கும் சிறிய ரவுட்டர் யுபிஎஸ்ஸோ வீட்டு இன்வெர்ட்டரோ போதும்.

இடி வேறு கதை. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மலைமேல் மின்னல் இறங்கும். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே செப்பு லேன் கம்பியை மரத்தில் கட்டி இழுப்பது மலிவான வழியாகத் தோன்றும். ஒரு மின்னல் இரு வீட்டுக் கருவிகளையும் ஒன்றாகப் பலி வாங்க அதுவே வழி. இரு வீட்டை இணைப்பதானால் கண்ணாடியிழை, இல்லையேல் வானலை. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸும் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியும் உரிமம் வேண்டாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டதால், வானலை இணைப்புக்குச் சட்டத் தடையும் இல்லை.

## பேருந்தில் ஏறி வரும் தரவு

தரவைக் கையிலேயே எடுத்துச் செல்லலாம் என்ற தரப்பை வலையமைப்பு நூல்கள் வேடிக்கைக்குத்தான் குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டில் அது வேடிக்கையாக இருந்ததில்லை. செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டும் படமும் ஏற்றி வாங்கிவந்த பத்தாண்டுகள், தமிழ்க் கிராமங்கள் கண்ட உண்மையான பெருவேக வலை. பதிப்புரிமைப்படி அதில் பெரும்பகுதி திருட்டு. ஆனால் தரவு எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு அது நேர்மையான பதில்.

இதையே முறைப்படுத்திய முயற்சி டாக்நெட். 2000களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தொட்டபள்ளாப்பூர் வட்டத்தில் ஒரு பேருந்தில் வைஃபை கருவி பொருத்தப்பட்டது. அது ஊர் ஊராகப் போகும்போது அங்கங்கே இருந்த கணினிகளிலிருந்து கோரிக்கைகளை வாங்கிக்கொண்டது, நில ஆவணப் பதில்களைக் கொடுத்துவிட்டு நகர்ந்தது. கியூபாவில் வாராவாரம் ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாகச் சுற்றிய ‘பாக்கேத்தே’ எந்த அரசுத் திட்டமும் இன்றி ஒரு நாட்டின் பொழுதுபோக்கையே சுமந்தது. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மலையேறும் பேருந்தில் ஒருவர் பையில் 2 டெராபைட் டிஸ்க் இருந்தால், அந்தப் பயண நேரத்தில் அவ்வளவு தரவை எந்தக் கைபேசி இணைப்பும் மேலே கொண்டுவராது.

குறை வெளிப்படை: நேரலை வராது, வங்கி வேலை நடக்காது, வைரஸும் கூடவே பயணம் செய்யும். எனினும் நகலுக்கு இது கிட்டத்தட்டக் குறையில்லாத முறை. நகலுக்கு அவசரமில்லை, அடுத்த திருவிழாவரை அது பொறுத்திருக்கும்.

## நகல் எவ்வளவு தூரம் போக வேண்டும்

டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் 1988இல் பல மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்று போனாலும் தரவு போகாதபடி வைக்கும் ‘ரெய்டு’ முறையை விவரித்தார்கள். வீட்டு நாஸ் பெட்டிகள் அதைத்தான் விற்கின்றன. இரண்டு டிஸ்க் போட்டால் நகல் ஆயிற்று என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. அது தவறான நம்பிக்கை. ரெய்டு காப்பது டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே. கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் கருகும். பணம் பறிக்கும் மென்பொருள் புகுந்தால் இரண்டும் பூட்டப்படும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய ‘மை புக் லைவ்’ டிஸ்க்குகள் பல நாடுகளில் இணையம் வழியே தாக்கப்பட்டு முழுதாக அழிக்கப்பட்டன. அந்தக் கோப்புகள் இணைப்பு அறுந்ததால் போனவை அல்ல, இணைப்பு இருந்ததால் போனவை.

புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். விதி புதிது, அறிவு பழையது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதி வேறு ஊருக்குக் கொடுத்த வீடுகளின் நூல்கள்தான் நம் கைக்கு வந்தன. ஒரே இடத்தில் குவிந்தவை என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் 1981இல் யாழ்ப்பாணத்தில் பார்த்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் நூலகம் எரிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தியதற்குப் பின்னால் அந்த நினைவு இருக்கிறது. பெரிய அரசுகளும் இதில் தவறுகின்றன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரத் தரவு மையத்தில் ஏற்பட்ட தீயில், அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்புக்கு வெளிநகல் இல்லாமல் போயிற்று.

காவலூரும் இந்த இடத்தில் ஒன்று சொல்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அமெரிக்காவின் விமான ஆய்வகமும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் தனித்தனியே ஒளி மங்குவதைப் பதிந்தன. கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது, பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்ததால். தள்ளி இருக்கும் இன்னொரு பிரதி அழிவிலிருந்து காப்பதோடு, முதல் பிரதி சொல்வது மெய்தானா என்று கேட்கவும் இடம் தருகிறது.

மலைக் குடும்பத்துக்கு வெளியிடம் எது? எல்லா வீட்டுக்கும் மலைக்குக் கீழே ஓர் உறவு உண்டு: திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகள், செங்கத்தில் சம்பந்தி, திருப்பூரில் மில் வேலையில் இருக்கும் தம்பி. இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை அவர்கள் பீரோவிலும் வைத்து, பொங்கலுக்கும் ஆடிக்கும் மாற்றிக்கொண்டால் மூன்றாவது நிபந்தனை மாதக் கட்டணமின்றி நிறைவேறும். பார்க்கப் போனால் நகரத்து அடுக்குமாடிக்காரருக்கு இது மலைக்காரரைவிடக் கடினம். அன்றாடச் சிறு கோப்புகள், அதாவது பட்டா, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்றவை, மெதுவான இணைப்பிலும் மேலேறிவிடும். அவற்றை மேகத்திலும் வைக்கலாம். சில ஆவணங்களை 2015இல் வந்த டிஜிலாக்கரே கொடுக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி பெற்ற உரிமை ஆவணத்துக்கும், பழங்குடிச் சான்றிதழுக்கும் மலையில் உள்ள மதிப்பை எண்ணினால், திரைப்படங்களைவிட இவற்றுக்குத்தான் முதல் நகல்.

## பெட்டி வீட்டுக்கா, ஊருக்கா

அண்மைக்காலத்தில் பொதுப்பெட்டி மரபு திரும்பி வந்திருக்கிறது. விக்கிப்பீடியாவை முழுதாக இணையமின்றிப் படிக்க வைக்கும் கிவிக்ஸ், பள்ளிப் பாடங்களை உள்ளூர் சர்வரில் இருந்தே கொடுக்கும் கோலிபிரி ஆகியவை ஒரு சிறு கணினியில் அடங்கும். உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும் இத்தகைய பெட்டி நூறு பிள்ளைகளுக்குப் பயன்படும்; நூறு வீட்டில் நூறு பெட்டி தேவையில்லை. ஓடவிட்டுப் பார்ப்பதற்கு இந்த வாதம் வலுவானது. நகலுக்கு அப்படியில்லை. அடுத்த வீட்டுக்காரர் கையாளும் பொதுப்பெட்டியில் தன் வீட்டுப் புகைப்படத்தையும் கடன் பத்திரத்தையும் வைக்க யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள்.

பதிப்புரிமையும் இங்கே வேலை செய்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. 2012 திருத்தம் பூட்டை உடைத்து நகலெடுப்பதற்குத் தண்டனை சேர்த்தது. சொந்தமாக வாங்கிய குறுந்தகட்டின் பாட்டை வீட்டுக்குள் கேட்பதற்கும் ஊர்ப் பெட்டியில் வைத்து எல்லோருக்கும் ஓட்டுவதற்கும் சட்டத்தின் பார்வையில் தூரம் அதிகம். கட்டணச் செயலிகளில் இறக்கிவைத்த படம் குறிப்பிட்ட நாளில் காலாவதியாகிவிடுவதால் அது சேமிப்புக் கணக்கிலேயே வராது.

## முடிவு காணாதவை

இன்றைய நிலையில் எந்த ஒற்றை விடையும் மலைக்கு முழுதாகப் பொருந்தவில்லை. படம் பார்ப்பதைப் பொறுத்தவரை வீட்டு சர்வரின் தேவை இழை எவ்வளவு நிலையாக வருகிறது என்பதைப் பொறுத்துக் குறையக்கூடும். இன்று வலுவாகத் தோன்றும் வாதம் ஐந்தாண்டில் வலுவிழந்தால் வியப்பில்லை. நகலைப் பொறுத்தவரை அந்த மாற்றம் அவ்வளவு பெரிதாக இராது. வேகம் கூடினாலும் கணக்கு யார் பெயரில், கட்டணம் யார் கட்டுவது என்பவை அப்படியே இருக்கும். ஆகவே பணம் குறைவாக உள்ள வீடு முதலில் வாங்க வேண்டியவை இரண்டு வெளி டிஸ்க்கும் ஒரு சிறு யுபிஎஸ்ஸும், அதன் பிறகே சர்வர் என்று சொல்லலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கின்றன.

பராமரிப்பு யாருடையது என்பது தீரவில்லை. மேலூரின் மையங்களை மூடிய அதே காரணம் வீட்டு சர்வரையும் மூடும்: அமைத்துக் கொடுத்த இளைஞர் வேலைக்குக் கீழே இறங்கிவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி. தொலைவிலிருந்தே சரிசெய்யலாம் என்றால் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல் திறந்து வைக்க வேண்டும். 2021இல் டிஸ்க்குகள் அழிந்தது அப்படிப்பட்ட வாசல் வழியாகத்தான். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில் வல்லுநர்களிடையே ஒத்த கருத்து உருவாகவில்லை.

மறையாக்கமும் அப்படியே. சம்பந்தி வீட்டுப் பீரோவில் இருக்கும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டினால் அந்த வீட்டார் திறந்து பார்க்க முடியாது. கடவுச்சொல் தெரிந்தவர் காலமானால் இந்த வீட்டாரும் பார்க்க முடியாது. பூட்டாமல் வைத்தால் கடன் பத்திரமும் நோய்ச் சீட்டும் எவர் கண்ணுக்கும் படும். படங்களைத் திறந்தும் ஆவணங்களைப் பூட்டியும் இரண்டு பகுதிகளாக வைக்கலாம் என்பது ஒரு யோசனை. எது படம், எது ஆவணம் என்று பிரிக்க உட்கார்ந்தால், வனத்துறையோடு எல்லைத் தகராறில் இருக்கும் நிலத்தை 20 ஆண்டுக்கு முன் எடுத்த புகைப்படம் எந்தப் பக்கம் போகும் என்பதிலேயே குடும்பத்துக்குள் பேச்சு நீளும்.